சினத்தை விழுங்கிய ‘டென்சன்’

(தலைச்சோலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து இத் தலைச்சோலைக்கு வருவோர் முதற்கண் எண்ணிப் பார்க்கத்தக்கது இவ்வூரின் பெயரே ஆகும். தலை என்பதும் தமிழ். சோலை என்பதும் தமிழ். இப்பெயரின் பிற்பகுதி இம்மலையோடு நின்றுவிடவில்லை. நீலமலையிலும் பழனிமலையிலும் மலைமடிப்புகளில் செறிந்து வளர்ந்த பசுங்காட்டைக் கண்ட ஆங்கிலேயர், அதற்கு ஈடான சொல் தம் மொழியில் இல்லாமை உணர்ந்து, சோலை என்னும் தமிழ்ச்சொல்லையே ‘சோலா’ எனத் திரித்து எடுத்துக்கொண்டனர். இன்று காட்டியல் அறிஞர் எந்நாட்டவராயினும் அச்சொல்லையே தம் நூல்களில் எழுதுகின்றனர். தம்மிடம் இல்லாத சொல்லை இருக்குமிடத்திலிருந்து பெறுவது குற்றமன்று. கொடுத்தவர்க்கும் அது பெருமை; கொண்டவர்க்கும் அது பயன்.

அவ்வாறே இம்மலைக்கும் வெளியிலிருந்து பொருள்கள் வந்தன. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் 1820-களில் காப்பிச் செடியை இங்குக் கொண்டுவந்தார். செடியோடு சொற்களும் மலையேறின. எசுடேட்டு வந்தது, ரைட்டர் வந்தார், சேர்வராயன் மலை ‘செவராய்’ ஆயிற்று. பின்னாளில் காப்பியைக் ‘குளம்பி’ என்று தனித்தமிழன்பர் பெயர்த்தபோது நகைத்தவர் பலர். அந்நகைப்பிற்கு ஒரு சிறு காரணமேனும் உண்டு. பொருள் அயலதாயின் பெயரும் அயலதாக இருந்தால் என்ன என்பது அவர்தம் கேள்வி. அச்சிறு காரணமும் இல்லாத ஓரிடத்தைப் பற்றியதே இன்றைய பேச்சு. காப்பி கடல்கடந்து வந்தது. சினம் அவ்வாறு வந்ததன்று. தமிழனுக்குச் சினக்கக் கற்றுக்கொடுக்க எந்தக் கப்பலும் இக்கரைக்கு வரவில்லை. ஆயினும் இன்று தமிழன் ஒருவன் சினந்தால் அவன் வாயிலும் அவனைச் சூழ நிற்பார் வாயிலும் முந்தி வருஞ்சொல் ‘டென்சன்’ என்பதே.

“ஏன் டென்சன் ஆகிறாய்?”, “அவர் கொஞ்சம் டென்சன் பேர்வழி”, “என்னை டென்சன் ஆக்காதே” — இவற்றைக் கேளாத வீடு ஏற்காட்டிலும் இல்லை, சேலத்திலும் இல்லை, சென்னையில் சொல்லவே வேண்டா. பேருந்து காலந்தாழ்ந்தால் டென்சன். மகள் தேர்வெழுதப் போனால் தாய்க்கு டென்சன். கடன்காரன் வாயிலில் நின்றால் டென்சன். அலுவலகத்தில் மேலாளர் மேசையைத் தட்டினால் அவருக்கும் டென்சன், தட்டுப்பட்டவருக்கும் டென்சன். கவலை, அச்சம், பரபரப்பு, எரிச்சல், சினம், மானக்கொதிப்பு ஆகிய ஆறும் ஒரு சாக்கிலே கொட்டப்பட்டுவிட்டன. சாக்கின் வாயைக் கட்டித் தூக்கி வைத்தபின், உள்ளே கிடப்பது எது என்று தூக்குகின்றவனுக்கும் தெரியாது, பார்க்கின்றவனுக்கும் தெரியாது.

சொல்லொன்று வந்ததனால் விளைந்த கேடு என்ன, எப்படியோ பொருள் விளங்கினாற் போதாதோ என்று கேட்பார் உளர். அவர்க்கு இம்மலையிலிருந்தே ஒரு காட்சியைக் காட்டலாம். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பொழுது சாயும் நேரத்தில் பறித்த பழத்தை எடைபோடுகின்றனர். பகலெல்லாம் சரிவிலே நின்று பறித்த ஒருத்தி, தன் சாக்கின் எடை குறைத்துச் சொல்லப்படுவதைக் காண்கின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் குரல் உயர்கின்றது. உடனே எடைபோடுகின்றவன் சொல்கின்றான்: “அம்மா, டென்சன் ஆகாதீங்க!” சுற்றியிருப்போரும் அதையே சொல்கின்றனர். அவளும், “காலையிலிருந்தே ஒரே டென்சன்” என்று சொல்லிவிட்டு அமைகின்றாள். நடந்தது என்ன? எடை குறைந்தது என்பது பேச்சிலிருந்து மறைந்தது. அவள் நரம்பு முறுக்கேறியது என்பதே பேச்சாயிற்று. குற்றம் எடைக்கோலிலிருந்து இறங்கி அவள் உடம்பில் ஏறிக்கொண்டது. அவள் “எனக்குச் சினம் வருகின்றது” என்றோ, வழக்குப்படி “எனக்குக் கோபம் வருகிறது” என்றோ சொல்லியிருந்தால், கேட்டவன் “ஏன்?” என்று வினவியிருப்பான். டென்சனுக்கு ‘ஏன்’ இல்லை. அதற்கு மாத்திரையும் ஓய்வும் உண்டு, விடை இல்லை.

இனி, அச்சொல்லைக் கடன் கொடுத்ததாகக் கருதப்படும் ஆங்கிலத்தைச் சற்று நோக்குக. ‘டென்சன்’ என்பது இழுத்தல், விறைத்தல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையினின்று பிறந்தது. கயிற்றின் இழுப்பு, கம்பியின் விறைப்பு, தசையின் இறுக்கம், இரு நாடுகளிடையே நிலவும் பதற்றம், மின்கம்பியில் ஓடும் உயரழுத்தம் — இவையே ஆங்கிலத்தில் அதன் பொருள்கள். உள்ளத்தின் இறுக்கத்தையும் அது குறிக்கும். ஆனால் ஒருவன் மற்றொருவன்மேல் கொள்ளும் சினத்தை ஆங்கிலேயன் அச்சொல்லாற் குறிப்பதில்லை. “அவர் என்மேல் டென்சன் ஆகிவிட்டார்” என்பதை அப்படியே ஆங்கிலத்திற் சொல்லிப் பாருங்கள். இலண்டன் மாநகரத்துக் கடைத்தெருவில் ஒருவருக்கும் விளங்காது. எனவே இது தமிழன் தமிழை விட்டு ஆங்கிலம் பேசியதும் அன்று. இரண்டுமல்லாத ஒன்றைப் பேசியதே ஆகும். ஆங்கிலம் கற்ற பெருமையும் இதனால் இல்லை என்பதை அப்பெருமைக்காகவே இதனைப் பேசுவோர் அறிந்துகொள்வாராக.

ஆங்கிலேயன் சினத்திற்கு நாள்தோறும் வழங்கும் பொதுச்சொல் ‘ஆங்கர்’ என்பது. அச்சொல்லின் வரலாறு சுவையானது. அது வடபுலக் கடலோடிகளாகிய நார்சு மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தது. அங்கு அதன் பொருள் சினம் அன்று; துன்பம், துயர் என்பதே. ஆங்கிலத்திலும் முதலில் அது துன்பத்தையே குறித்து, பதினான்காம் நூற்றாண்டளவில் துன்புற்றவன் கொள்ளும் சினத்தைக் குறிப்பதாயிற்று. இன்னும் பின்னே சென்றால், இறுக்குதல், நெரித்தல் என்னும் கருத்துடைய வேரில் அது போய் முடியும். இலத்தீனத்தில் கழுத்தை நெரித்தலைக் குறிக்கும் வினையும், செருமானியத்தில் அச்சத்தைக் குறிக்கும் ‘ஆங்சுட்’ என்பதும், ஆங்கிலத்திலேயே நெஞ்சடைப்பு நோவைக் குறிக்கும் ‘ஆஞ்சைனா’ என்பதும் அதற்கு உறவாகும். நெரிக்கப்பட்டவன் துன்புறுவான், துன்புற்றவன் சினப்பான். இம்முறைவைப்பு அச்சொல்லுக்குள்ளேயே பதிந்து கிடக்கின்றது.

அதன் வழக்குகளும் நோக்கத்தக்கவை. சிவந்து கன்றிய புண்ணை ‘ஆங்கிரி’யான புண் என்பர், கருமுகில் திரண்ட வானத்தையும் அவ்வாறே கூறுவர். போரில் மெய்யாகவே பகைவனை நோக்கிச் சுட்ட குண்டை ‘ஆங்கர்’ கொண்டு சுட்டது என்பர். பயிற்சிக்குச் சுட்டது அன்று என்பது அதன் கருத்து. 1956-ஆம் ஆண்டில் இலண்டனில் அரங்கேறிய ஆசுபர்ன் என்பாரின் நாடகம் ஒன்று, சினத்தோடு திரும்பிப் பார்க்கச் சொல்லும் தலைப்பைத் தாங்கியது. அதனோடு ‘சினங்கொண்ட இளைஞர்’ என்னும் தொடர் அந்நாட்டில் பரவியது. 1970-களில் அத்தொடர் இந்தித் திரைப்படத்தின் வழியாக இந்தியாவிற்கும் வந்து, தமிழ் ஏடுகளில் ‘கோபக்கார இளைஞன்’ எனக் குடியேறியது. அந்த இளைஞனை எவரும் ‘டென்சன் இளைஞன்’ என்று எழுதவில்லை என்பதை நினைவிற் கொள்க. அவன் சினத்திற்கு வேலையின்மை, கையூட்டு, ஏமாற்று எனக் காரணங்கள் இருந்தன. காரணமுள்ள இடத்தில் டென்சன் ஒட்டாது.

‘ஆங்கர்’ ஒன்றோடு ஆங்கிலேயன் அமைந்துவிட்டானா எனின், இல்லை. முறுக்குதல் என்னும் கருத்திற் பிறந்த ‘ராத்’ என்னும் சொல்லை இறைவன் சினத்திற்கும் பெருஞ்சினத்திற்கும் வைத்தான். வெறிநாய் நோயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த ‘ரேச்’ என்பதைக் கட்டுக்கடங்காச் சினத்திற்கு வைத்தான். தமிழிலும் வெறிநாய் என்பதும் வெறிகொண்டான் என்பதும் ஒரே சொல்லால் வழங்குவதை ஒப்பிடுக. தகாத செயலைக் கண்டு கொள்ளும் அறச்சினத்திற்குத் தகுதி என்னும் பொருளடியாகவே ‘இண்டிக்னேசன்’ என ஒரு தனிச்சொல் கொண்டான். சிறுசினத்திற்கு வேறு சொல், உள்ளே வைத்துப் புழுங்கும் சினத்திற்கு வேறு சொல். தன் பெட்டகத்தை அவன் இவ்வளவு கருத்தாகப் பூட்டி வைத்திருக்க, அவன் சினத்திற்கென்று வைக்காத ஒரு சொல்லை எடுத்துவந்து தமிழன் தன் பெட்டகத்திற்குப் பூட்டாக மாட்டிவிட்டான்!

அப்பெட்டகத்தில் இருப்பன எவை என்று காண்போம் என்பாரை நோக்கி இனிச் சொல்லத்தக்கன பல.

சினம் என்பது எரியும் தன்மையுடையது. உடம்பில் வெம்மையால் எழும் சிறு கொப்புளங்களை ஊர்ப்புறத்தார் இன்றும் ‘சினப்பு’ என்கின்றனர். ஆங்கிலேயன் கன்றிய புண்ணுக்குச் சினத்தை ஏற்றினான் என்று மேலே கண்டோம் அன்றோ? தமிழ்ப் பாட்டி அதற்கு முன்பே தோலின் எழுச்சிக்கும் உள்ளத்தின் எழுச்சிக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தாள். காய்தல் என்பதும் இவ்வினத்ததே. வெயில் காயும், உடம்பு காயும், பகைவனை ஒருவன் காய்வான். ஒரு பக்கமும் சாராமல் தீர்ப்புரைத்தலைக் ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்று சொல்லும் மரபில் சினமும் மகிழ்ச்சியும் துலாக்கோலின் இரு தட்டுகளாக நிற்கின்றன.

தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டும் வெகுளிப்பொருளன என்று நூற்பா செய்தார். அவை நிறத்தை உணர்த்துதற்கும் உரிய என்பதை அதன்பின் வேறொரு நூற்பாவாற் கூறினார். இன்று கறுப்பும் சிவப்பும் நிறம் என்பது மட்டுமே மாணவர்க்குத் தெரியும். ஆயினும் ‘கண் சிவந்தான்’, ‘முகம் கறுத்தது’ என்று பேசுகையில் அவர்களும் தொல்காப்பியர் நூற்பாவையே பேசுகின்றனர். நெஞ்சினுள் கறுத்துக் கிடப்பது கறுவு. ‘அவன் கறுவிக்கொண்டிருக்கிறான்’ என்பது இன்றும் உயிருள்ள பேச்சே. மேற்பார்வைக்குச் சிரித்து உள்ளே கறுவுபவனும், கண்சிவந்து நேரே நின்று கேட்பவனும் ஒருவர் அல்லர். இவ்விருவரையும் டென்சன் என்னும் ஒரு சொல்லால் அழைத்தால் எவனுக்கு அஞ்சுவது, எவனை நம்புவது?

சீற்றம் என்பது பாம்பின் சீறலொடு பிறந்தது. திடுமென எழுந்து ஒலியோடு வெளிப்படுவது. கதம் என்பது யானையும் காளையும் கொள்ளும் கடுஞ்சினம். முனிவு என்பது வெறுத்து விலகும் சினம். முனைவு என்பதும் முனிவே என்று அதே உரியியல் கூறும். செற்றம் என்பது நெடுநாள் நின்ற பகை. அதனைக் கணநேரச் சினத்தினின்று பிரித்தறிந்தனர் உரையாசிரியர். புலவி, ஊடல், துனி என்பன காதலர்க்கே உரிய சினங்கள். துனி முற்றிய நிலை. புலவி இளைய நிலை. ஊடல் மருத நிலத்திற்கு உரியது; அதனைக் குறிஞ்சி நிலத்தில் நின்று பேசுவது முறையோ என்று புலவர் எவரேனும் கேட்கக்கூடும். மலைமேல் வாழும் மனைவியர்க்கும் ஊட உரிமை உண்டு என்று அமைக! திருவள்ளுவர் தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களைப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என வகுத்து, உலகப் பொதுமறையை ஓர் இனிய சினத்திலேயே கொண்டுபோய் முடித்தார். அச்சினத்தையும் இற்றைநாள் கணவன் “அவள் டென்சனா இருக்கா” என்று நண்பனிடம் கைப்பேசியிற் சொல்கின்றான். அவள் ஊடுகின்றாள் என்று அறிந்திருந்தால் வீட்டிற்கு விரைந்திருப்பான்.

இவ்விடத்து நடுவுநிலையோடு ஒன்று கூறல் வேண்டும். டென்சன் வருமுன்பே அயற்சொற்கள் சினத்தின் இடத்தில் அமர்ந்துவிட்டன. கோபம் வடசொல். ஆத்திரம் என்பதும் நோயுற்ற நிலை, விரைவு ஆகியவற்றைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. ஆவேசம், குரோதம் என்பனவும் அன்னவே. பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் சினத்தை வேண்டியவிடத்தும் ரௌத்திரம் என்னும் வடசொல்லையே ஆண்டார். விவிலியத்தைத் தமிழாக்கியோர் இறைவன் சினத்தைக் கோபாக்கினை என்றனர். இவையெல்லாம் களையத்தக்கனவே. ஆயினும் கோபம் என்னும் சொல் தமிழுக்குச் செய்த தீங்கும் டென்சன் செய்யும் தீங்கும் ஒரே அளவின அல்ல. கோபம் சினத்தின் இருக்கையைப் பறித்தது. ஆனால் அவ்விருக்கையில் அமர்ந்து சினத்தின் வேலையையே செய்தது. “யார்மேல் கோபம், எதற்குக் கோபம்?” என்னும் வினா அழியவில்லை. டென்சன் இருக்கையையும் பறித்தது, வேலையையும் ஒழித்தது.

மக்கள் வழக்கு சில வேளை அயற்சொல்லைத் தன் விருப்பப்படி வளைத்துவிடும் என்பதற்கு ‘ரோசம்’ ஒரு சான்று. வடமொழியில் அது வெறுஞ்சினம். தமிழ்ச் சிற்றூரிலோ ‘ரோசக்காரன்’ என்றால் மானமுள்ளவன் என்பது பொருள். மானம் கெட்டால் சினம் எழும் என்னும் தமிழர் உளப்பாங்கு, அயற்சொல்லையும் மானத்தின் பக்கம் இழுத்துக்கொண்டது. இன்றைய இளைஞர் வாயில் வழங்கும் ‘கடுப்பு’ என்பதையும் பண்டிதர் சிலர் கொச்சை எனத் தள்ளுவர். தள்ளற்க! கடு என்னும் அடியிற் பிறந்த தூய தமிழ்ச்சொல் அது. வயிற்றிற் கடுப்பதும் உள்ளத்திற் கடுப்பதும் ஒன்றென உணர்ந்து அதனை ஆக்கிய சிறுவன் எவனோ, அவன் கல்லாமலே சொல்லாய்வாளன்.

சொற்களை எண்ணிக் காட்டி மகிழ்வது மட்டும் நோக்கம் அன்று. அவற்றின் பின்னே நிற்கும் அறிவைக் காண்க. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றுள் வெகுளி ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வரையறுத்தார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பறை என்பது கையும் கண்ணும் போன்ற உறுப்புகளைக் குறைத்தல். குடிகோள் என்பது மனைவி, சுற்றம், குடி ஆகியோர்க்குக் கேடு சூழ்தல். அலை என்பது கோல்கொண்டு அடித்து அலைத்தல். கொலை என்பதற்குப் பேராசிரியர் கண்ட பொருள் வியக்கத்தக்கது. ஒருவனுடைய அறிவையும் புகழையும் கொன்று பேசுதலையே அவர் அங்குக் கொலை என்றார். வாளால் வெட்டுவது மட்டுமன்று, ‘உனக்கு என்ன தெரியும்’ என்று ஒருவன் அறிவை அவையில் வெட்டுவதும் கொலை!

இந்நான்கையும் மீண்டும் நோக்குக. நான்கும் வெளியிலிருந்து ஒருவன்மேல் வருவன. உடம்பின்மேல், குடும்பத்தின்மேல், பெயரின்மேல் பிறன் செய்யும் தீங்குகள். வெகுளி என்னும் சொல்லைச் சொன்னவுடன், தீங்கு செய்தவன் ஒருவன் உளன் என்பதைத் தமிழ் இலக்கணம் அறிவித்துவிடுகின்றது. கிரேக்கப் பேரறிஞர் அரிசுட்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில், தகாத முறையில் தன்னையோ தன்னைச் சார்ந்தாரையோ ஒருவன் இழிவுபடுத்தியதனால் எழும் துன்பத்தோடு கூடிய வேட்கையே சினம் என்னும் கருத்தை உரைத்தார். அவரும் காரணத்தைக் கொண்டே சினத்தை அளந்தார். இழிவு என்னும் ஒன்றை அவர் கூற, தமிழர் நான்காக விரித்தனர். கிரேக்கரின் முதற்பெருங் காப்பியமாகிய இலியாது, மூலமொழியில் சினம் என்னும் சொல்லையே முதற்சொல்லாகக் கொண்டு தொடங்குவதையும் இங்கு நினைக்கலாம். சினத்தை நோயாக எண்ணியிருந்தால் அக்காப்பியம் மருத்துவ நூலாகியிருக்கும்.

அங்ஙனமாயின் வள்ளுவர் வெகுளாமை என ஓர் அதிகாரம் வைத்தது ஏன் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. அவ்வதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் காட்டும் வேறுபாட்டைப் பலர் கருதாமற் செல்கின்றனர். தன் சினம் பலிக்கும் இடத்தில் அடக்குபவனே சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கருத்து. யாரிடம் பேசுகின்றார் என்று பாருங்கள். வலியவனிடம்! தன்னினும் மெலியவன்மேல் பாயும் ஆற்றல் உள்ளவனை நோக்கியே முதற்கண் ‘அடக்கு’ என்கின்றார். எடைக்கோலைப் பிடித்தவன் கேட்க வேண்டிய அறிவுரையை, எடைகுறைந்து நிற்பவளிடம் சொல்வதற்கு இன்று டென்சன் என்னும் சொல் கருவியாகின்றது. பேசுகின்றவர் வேண்டுமென்றே செய்கின்றனர் என்பதில்லை. சொல் அவர்களைச் செய்விக்கின்றது.

சினத்தை நெறியில் நிறுத்துவதற்கும் தமிழர் ஒரு முறை கண்டனர். அது வஞ்சினம். சினத்தைத் தன்னுள்ளே கொண்ட சொல் அது. சினந்தவன் பிறனைச் சபித்துவிட்டுப் போவதன்று, தன்னைத்தானே கட்டிக்கொள்வது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியது புறநானூற்றின் எழுபத்திரண்டாம் பாட்டு. இளையன் இவன் என இகழ்ந்து பகைவேந்தர் சிறுசொல் பேசினர். அவன் கொதித்தான். கொதித்தவன் கூறியவை எவை? அவர்களை வெல்லேனாயின் என் குடிகள் என்னைக் கொடியன் எனக் கண்ணீரோடு தூற்றுக. மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் என் நாட்டைப் பாடாது விடுக. இரப்பவர்க்கு ஈய முடியாத வறுமையை நான் அடைக என்பன. அவன் அஞ்சிய மூன்றும் குடிகளின் பழி, புலவரின் புறக்கணிப்பு, ஈயாமை. பேராசிரியர் சொன்ன ‘கொன்றுரைத்தல்’ அவன்மேல் நிகழ்ந்தது. அதற்கு விடையாக அவன் தன் ஆட்சியையே பிணையாக வைத்தான். இவனுக்கு வந்தது டென்சன் என்று எந்த மாணவனேனும் விடைத்தாளில் எழுதுவானா? எழுத மாட்டான். தன் தந்தைக்கு வருவதை மட்டும் அவ்வாறு சொல்வான்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சினத்தைச் சொல்லும் பகுதிகளுள் ஒன்றற்கு இளங்கோவடிகள் கதை வைத்த பெயர் வஞ்சினமாலை. அதற்கு முற்பட்டது வழக்குரை காதை. இவ்வரிசை தற்செயலானது அன்று. முதலில் வழக்கு, பிறகே வஞ்சினம், அதன் பிறகே அழல். சிலம்பை உடைத்துச் சான்று காட்டி, மன்னன் தவறினான் என்பதை அவன் வாயாலேயே ஒப்பச் செய்தபின்னர்த்தான் அவள் சினம் நகரின்மேற் சென்றது. சென்றபோதும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டொழிக்க எனத் தீக்கு ஆணையிட்டாள். யார்மேல், எதற்காக, எதுவரை என்னும் மூன்றும் அறிந்த சினம் அது.

இனி, நாள்வழக்கில் செய்யத்தக்கது யாது? டென்சன் என்பதற்கு ஈடாக ஒரு புதுச்சொல் ஆக்கித் தருக என்று சிலர் கேட்கின்றனர். அக்கேள்வியே பிழை. ஒன்றுக்கு ஒன்று வைப்பதனால் சாக்கு மாறுமேயன்றி உள்ளே கிடப்பவை பிரியா. இச்சேலத்தில், நகராட்சிக் கல்லூரியில், 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த மொழிஞாயிறு பாவாணர், வேர்ச்சொல்லாய்வில் ஒவ்வொரு சொல்லையும் அதன் பொருட்காரணத்தோடு பிடித்தார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 1974-ஆம் ஆண்டில் அவர் தலைமையில் தொடங்கியதும் அந்நோக்கத்தாலேயே. அவ்வழியிற் பார்த்தால், வேண்டுவது புதுச்சொல் அன்று. பழைய சொற்களைத் தத்தம் இடத்தில் மீண்டும் வைப்பதே.

தேர்வுக்கு முன் பிள்ளைக்கு இருப்பது அச்சம்; ‘எனக்குப் பயமா இருக்கு’ என்பதைவிட ‘அச்சமா இருக்கு’ என்று சொல்லப் பழகட்டும். பேருந்து வராதபோது இருப்பது பரபரப்பு. கடனை நினைந்து உறங்காதவனுக்கு இருப்பது கவலை. இரைச்சலைக் கேட்டு வருவது எரிச்சல். பக்கத்து வீட்டாரோடு பத்தாண்டாகப் பேசாதிருப்பது செற்றம். மனைவி முகந்திருப்பி நிற்பது ஊடல். மேலாளர் குரலெழுப்புவது சீற்றம். அவர்முன் வாய்திறவாது நின்று வெளியே வந்து பல்லைக் கடிப்பது கறுவு. இவற்றைப் பிரித்துச் சொல்லப் பழகிய குழந்தைக்குத் தன் உள்ளம் தனக்கே விளங்கும். பிரித்துச் சொல்லாத பெரியவர் பலர் தமக்கு நேர்ந்தது இன்னதென்று தாமே அறியாமல், குருதியழுத்தம் பார்த்து வரச் செல்கின்றனர். குருதியழுத்தம் உள்ளவர் மருந்து உண்ணத்தான் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூலி குறைந்தவனுக்கு மருத்துவன் என் செய்வான்?

இவையெல்லாம் பெரும்புலவர்க்கே உரிய சொற்கள், மலையூரில் எவர் பேசுவார் என ஐயுறுவோர், இங்குள்ள முதியோரிடம் சிறிது நேரம் அமர்ந்து கேட்கட்டும். கறுவுதல், காய்தல், சீறுதல் என்பன அவர்கள் வாயில் இன்னும் உலராமல் இருக்கின்றன. கொண்டையூசி வளைவு என்னும் தொடரைச் சாலைப் பலகையில் எழுதி வைத்தவுடன், சேலத்துச் சரக்குந்து ஓட்டுநர் முதல் சுற்றுலா வரும் சிறுமி வரை எல்லாரும் தயக்கமின்றிப் பேசுகின்றனர் அல்லரோ? இருபது வளைவுகளுக்கு இயன்றது ஒரு சினத்திற்கு இயலாதா?

இப்போது அந்த எடைக்கோலின் பக்கம் மீண்டும் சென்று பாருங்கள். பொழுது இன்னும் சாயவில்லை. சாக்கு தொங்குகின்றது. எடைபோடுகின்றவன், “அம்மா, டென்சன் ஆகாதீங்க” என்கின்றான். அவள் சாக்கின்மேல் வைத்த கையை எடுக்காமல், “டென்சன் இல்லை தம்பி, சினம். இன்னொரு முறை நிறுத்துக் காட்டு” என்கின்றாள்.